இல்லாத கம்ப்யூட்டருக்கு அனுமதி

என் வேலையைப் பற்றித் தெருவில் யார் கேட்டாலும் மாமியாரிடம் ஒரே பதில்தான்: "வீட்ல சும்மாதாம்மா இருக்குது." ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆப் எழுதத் தொடங்கியிருந்தேன். காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம்வரை முதுகு வளைய உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பெயர் சும்மா.

முதல் வேலை, மாமியார் புடவை நெய்துகொடுக்கும் பட்டுக்கடை முதலாளியிடமிருந்தே வந்தது. புடவையின் உடல் நிறத்துக்கு எந்தக் கரை பொருந்தும் என்று போன் கேமராவில் காட்டும் ஆப். அன்று நாலு மணிக்கு அவர் கண்முன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மறுபடியும் விடியற்காலைக் கம்பெனி பஸ்தான்.

என் போன் முந்தின நாள் தண்ணீர்க் குடத்தில் விழுந்து உயிரை விட்டிருந்தது. மாமியாரின் போன்தான் கதி. அதை அவர் யார் கையிலும் தர மாட்டார். ஆகவே லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் போன், போனைப் பிடித்தபடி மாமியார்.

ஆப் எழுதுவதற்கான சாமான்கள் எல்லாம் லேப்டாப்பில் நேராக இல்லை, அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினில் இருந்தன. "அது இன்னாமா?" என்றார். "கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் அத்தை. நெஜமா இல்ல, இருக்கற மாதிரி." பெருமையாகத்தான் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

லேப்டாப்புக்குப் போன் தெரிந்தது. உள்ளே இருந்த மெஷினுக்குத் தெரியவில்லை. மெனுவில் தேடிப் போனை உள்ளே தள்ளினேன். பட்டியலில் பெயர் வந்தது, பக்கத்திலேயே 'அனுமதி இல்லை' என்றும் வந்தது.

"போன்ல ஏதாச்சும் கேக்குதா அத்தை?"

"ஒண்ணும் இல்லமா. நான்தான் பாத்துக்கினே இருக்கேனே."

கேபிளை மாற்றினேன். மெஷினை அணைத்து அணைத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் கண்ணில் பட்டதையெல்லாம் திட்டித் தீர்த்தேன். மூன்று மணிக்குத் தற்செயலாகத் திரும்பினால், போனில் ஒரு கேள்விப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. தறியில் அறுந்த இழையைப் பிடிக்கும் வேகத்தில் மாமியாரின் விரல் 'ரத்து செய்' மேல் விழுந்தது.

"அத்தை!"

"நீதான சொன்ன? போன்ல எது வந்து கேட்டாலும் வேணாம்னு அமுக்கு, இல்லன்னா பேங்க்ல இருக்கறத உருவிடுவான்னு. அதான் வந்ததுக்கெல்லாம் வேணாம்னு அமுக்கினே இருக்கேன்."

சொன்னேன்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சொல்லி அவர் கேட்டது இது ஒன்றுதான்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டி மறுபடி வந்தது. "கேக்கறது என் மெஷின்தான் அத்தை. அனுமதின்னு அமுக்குங்க."

"இல்லாத கம்ப்யூட்டருக்கு நான் எதுக்குமா அனுமதி குடுக்கணும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அதுக்குள்ளதான் அத்தை என் வேலை மொத்தமும் இருக்குது."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு அமுக்கினார். ஆப் ஓடியது.

போனைத் தர மாட்டார் என்பதால் கடைக்கு அவரும் வந்தார். இருவரும் நின்றோம். முதலாளி கை நீட்டியபோது மட்டும் மாமியார் போனைத் தர மறுக்கவில்லை. முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி மாம்பழ மஞ்சள் புடவைமேல் போனைக் காட்டினார். அரக்குக் கரை வந்தது. தலை நிமிராமலே, "நல்லாத்தான் இருக்குது. உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுமா, மத்தத அவராண்ட பேசிக்கிறேன்" என்றார்.

என் கணவருக்குக் கேபிளின் எந்த முனை எங்கே போகும் என்றுகூடத் தெரியாது.

மாமியார் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இத்தினி வருசமா நான் நெய்ஞ்சதுக்கெல்லாம் என் வீட்டுக்காரராண்டதான் பேசுனீங்க, முதலாளி. இதையாச்சும் செஞ்சவளாண்ட பேசுங்க."

முதலாளி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.