பச்சை வருகிற வரைக்கும்

வாணம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வெள்ளை தானாக வரும், சிவப்பு கேட்டால் வரும், பச்சை மட்டும் கெஞ்சினாலும் வராது.

2005இல் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அம்மாவின் தம்பி தேவராஜ் மாமாவுக்குப் புவனகிரிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் லைசென்ஸ் வாங்கிய வாணப் பட்டறை. மூன்று ஷெட், ஒரு கிணறு. கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சரக்கு போகும். அவருக்கு எல்லாம் வந்தது, பச்சை மட்டும் வரவில்லை. படித்த பெண் வந்தால் பச்சையும் வந்துவிடும் என்று நம்பி என்னை அழைத்துப் போனார். ஆறு வருஷம் இருந்தேன். இதே தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அம்மன் புடவை

முதல் வருஷம் ஆடி மாதம், அண்ணாகிராமம் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில். அம்மனுக்கு அன்றைக்குப் பச்சைப் புடவை சார்த்துவார்கள், கடைசி ஐந்து வாணமும் அதே பச்சையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பேரியம் உப்பு போட்டால் பச்சை எரியும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அதே தைரியத்தில் செய்து கொடுத்தோம்.

பொழுது சாய்ந்ததும் விட்டார்கள். முதல் வாணம் வெளுத்துப் போய் விரிந்தது. இரண்டாவது கொஞ்சம் மஞ்சள். மற்ற மூன்றும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கூட்டம் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கமிட்டித் தலைவர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், நிதானமான மனுஷர். கிட்டே வந்து கோபப்படாமல் சொன்னார்: "இதுக்குப் பேரு பச்சைன்னா, எங்க வூட்டு ட்யூப்லைட்டும் பச்சைதாம்மா."

பாட்டில் தண்ணீர்

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. கடலூரில் மூன்று கடை மாற்றிச் சரக்கு வாங்கினேன். உரல், சல்லடை எல்லாவற்றையும் தனியாக்கினேன். பச்சை மஞ்சளாகவே இருந்தது.

வானத்தில் சிதறி எரிகிற சின்ன உருண்டைகளை நாங்கள் மணி என்போம். எரிகிற ரசாயனக் கலவைக்குப் பேர் மருந்து. அதைக் கஞ்சி விட்டுப் பிசைந்து, மணியாக உருட்டிக் காயவைப்பது அற்புதம் அக்காவின் வேலை. அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கணவர் கொத்தனார், இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். ஒருநாள் அக்கா கஞ்சி காய்ச்சும்போது கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரித்தது. அந்த உப்பு ஒரு சிட்டிகை இருந்தால் போதும், எந்தப் பச்சையையும் மஞ்சளாக்கிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கிணறும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது உப்பாகவே தெரியவில்லை.

சிதம்பரம் போய், கார் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். அக்கா ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாம குடிக்க உப்புத் தண்ணி, வாணம் குடிக்க பாட்டில் தண்ணியா? நல்லாருக்கு."

மருந்து

தண்ணீர் மாறியதும் நிறம் கொஞ்சம் தேறியது. மாமா உற்சாகமாகிவிட்டார். தினமும் பச்சை மணி, நாள் முழுக்கப் பச்சை மணி. அக்கா எவ்வளவு வேகமாக உருட்டுவாரோ அவ்வளவு வேகமாகச் சாப்பிடவும் செய்வார். மதியம் மணி ஒன்றானால் கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். பேரியம் விஷம் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை, பெரியவரைத் திரும்பத் திரும்ப அதட்டுவது போலாகும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் வாந்தி எடுத்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். மாமாவும் நானும் ஆட்டோவில் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, பச்சை மருந்து என்று என் வாயில் வந்துவிட்டது. எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது என்று அவர் கேட்டார். விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. நல்லவேளையாகப் பிழைத்தார். இருபது நாள் கழித்து அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் தனிக் குழாயும் சோப்பும் வைத்து, கை கழுவாமல் யாரும் டப்பாவைத் தொடக்கூடாது என்று ஏற்பாடு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் சொன்னதுதான் மனசில் நின்றுவிட்டது: "மருந்துன்னா நோயைத் தீக்கறதும்மா. நீங்க இதுக்கு வேற பேரு வெச்சிருக்கலாம்."

மாதாவுக்கு மேலே

அளவை மாற்றி மாற்றிப் பார்த்ததில், நான்காவது வருஷம் பச்சை வந்தது.

கடலூர் பக்கம் அற்புதம் அக்காவின் ஊர் மாதா கோயில் திருவிழா. தேர் திரும்பும் முனையில் வாணம் விட்டோம். ஒரு பெரிய குடை மாதிரி விரிந்தது. நாற்று நட்டு இருபது நாள் ஆன வயலுக்கு ஒரு நிறம் இருக்குமே, அந்தப் பச்சை. தேர் இழுத்தவர்கள் வடத்தைப் பிடித்தபடியே நின்று பார்த்தார்கள். மாமா என் தலையில் கை வைத்தார். நான் அழுதுவிட்டேன் என்று ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. அக்கா ஊர்க்காரப் பெண்கள் நடுவில் நின்றிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து, தன் விரல்களை விரித்துக் காட்டிச் சொன்னார்: "இந்தக் கையால உருட்டுனதுடி. மாதாவுக்கு மேல நிக்குது பாரு."

மயில்துத்தம்

நல்ல பச்சை வந்தால் நிம்மதி வரும் என்று நினைப்பவர்கள் வாடிக்கையாளரைப் பார்க்காதவர்கள். அடுத்த வருஷமே, வேறு ஒரு பட்டறையில் மயில் கழுத்துப் பச்சை செய்கிறார்கள், நீங்கள் செய்ய மாட்டீர்களா என்று கேட்டு வந்தார்கள். மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு மத்தியானம் அவருக்கு வேடிக்கை காட்டுகிறேன் பேர்வழி என்று, வெளியே மரத்தடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, கம்பியில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், தொட்டுக் காட்டினேன். கல்லூரி லேபில் எல்லாரும் செய்கிற சோதனைதான். சுடர் மயில் கழுத்தாகவே எரிந்தது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். இது விளக்குக்குத்தான், நம்ம மருந்தோடு சேரவே கூடாது, ஈரத்தில் ஊறிக் கிடந்தால் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னேன். கொஞ்சமாகப் போட்டால்கூடவா என்று கேட்டார். கொஞ்சம்கூட வேண்டாம் என்றேன். மிச்சம் இருந்த பாட்டிலைத் தூர எறிந்திருக்க வேண்டும். மூடி அலமாரியில் வைத்தேன்.

ஐப்பசி அடைமழை. நான் சர்டிபிகேட் வேலையாகக் கடலூர் போயிருந்த இரண்டு நாளில் மாமா ஒரு கை அளவு சேர்த்துப் பார்த்திருக்கிறார். அக்காவிடம் புதுப் பச்சை என்று மட்டும் சொல்லி உருட்டச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஷெட்டில் காயப்போட்டார்கள். மறுநாள் கூரை ஒழுகியது. மணி நனைந்துவிடுமே என்று அக்கா சாக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரத்தில் பற்றிக்கொண்டது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அந்த மழையிலும் வயலுக்கு மேல் புகை நின்றது. அக்காவை வெளியே இழுத்ததில் மாமாவின் இரண்டு கையும் வெந்துபோயிருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தார். முதல் நாள் பேச்சு இருந்தது. என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "நான் பாத்தேன் சுமதி. பச்சையாத்தான் எரிஞ்சுது."

விசாரணை

மாமா எல்லாம் தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் பெயரையே எடுக்கவில்லை. லைசென்ஸ் போயிற்று, பட்டறையை மூடினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் விளக்கு ஏற்றிக் காட்டியது நான், பாட்டிலை வைத்துவிட்டுப் போனது நான் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே அற்புதம் அக்காவின் கணவர் நின்றிருந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்திருப்பார் போல, முழங்கை வரை சிமென்ட். அதிகாரியிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். கையில் காய்ந்திருந்த சிமென்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "நீ வேணாம்னுதான் சொன்னேன்னு உங்க மாமா சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா வூட்டுக்கு மட்டும் வராதம்மா, புள்ளைங்க உன்னைப் பாத்தா அவளக் கேக்கும்."

2012இல் கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தது, ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஆறு வருஷம் பச்சைக்காகவே உழைத்தவள், இப்போது சிக்னலில் பச்சை விழுந்தால் பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.