மேற்கே போகாத சீட்டுகள்

என் எழுத்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். லகர ளகரம் எனக்கு இன்றும் குழப்பம்தான். ஐந்தாவதோடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தாம்பரத்தில் ஒரு தண்ணீர் லாரி முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் அவர் என்னை ஆபீசில் உட்காரவைத்தார். "இந்த வெயில் காலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலைக்குப் போகக் காலும் இல்லை, கேட்க வாயும் இல்லை.

வீட்டுக்காரர்கள் போனில் பதிந்த ஆர்டர்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும். காலையில் நான் ஒரு கட்டளை அடித்தால் சீட்டுகள் அச்சாகி வரும். ரயில் பாதைக்கு மேற்கே உள்ள வீடுகள் ஒரு லாரிக்கு, கிழக்கே உள்ளவை இன்னொன்றுக்கு. அப்படிப் பிரிக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைப் பட்டியலை, எழுதியவர் முதலாளியின் தங்கை மகன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எஸ், ஹெச், ஓர் இடைவெளி, பிறகு ஸ்கிரிப்டின் பெயர் என்று அவர் காட்டியதை என் விரல்கள் மனப்பாடம் செய்திருந்தன.

சித்திரையில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் அடித்தேன். திரையில் ஏதோ ஆங்கில வரிகள் ஓடின. ஆனாலும் சீட்டுகள் வந்தன. கிழக்கு லாரிக்காரன் வாங்கிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, மேக்கால முடிச்சூரும் எனக்கே கீது? மாடம்பாக்கத்துல ஊத்திட்டு பாலம் ஏறி எறங்கிகினு இருக்கணுமா?"

மேற்கு லாரிக்காரனுக்கு ஒரு சீட்டும் இல்லை. "எனக்கு லீவு மச்சான். அண்ணனுக்கு எம்மேல பாசம்."

மறுபடி அடித்தேன். அதேதான். வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன். உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். புது மெஷினை நான்தான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். முதலாளி வரும் நேரம் வேறு. போனை எடுத்து, திரும்ப வைத்தேன்.

"போடுண்ணா, அவரு இன்னா கடிச்சுடுவாரா?" என்றான் மேற்கு லாரிக்காரன்.

போட்டேன். சிறுசேரிக்காரர் பொறுமையாகக் கேட்டார். "அண்ணா, என்ன அடிச்சீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். எஸ், ஹெச்."

அவர் சிரித்தார். "தப்பு என்னோடதுண்ணா. பழைய மெஷின்ல எஸ் ஹெச்னு கூப்பிட்டா பேஷ்ங்கற ஷெல்தான் வரும், அதாவது நாம அடிக்கறதப் படிச்சு ஓட்டற புரோகிராம். புதுசுல அதே பேருக்கு வேற ஒரு சின்ன ஷெல் வருது. நான் எழுதின ரெட்டை அடைப்புக்குறி அதுக்குத் தெரியாது. வீடு மேற்கான்னு கேக்கற எடத்துல முழிச்சிட்டு, இல்லேன்னு எடுத்துக்குது. அதான் எல்லாம் கிழக்கு. பேஷ்ல ஓட்டணும்னு ஸ்கிரிப்ட் மொதல் வரியிலயே எழுதியிருக்கேன். ஆனா நாம முன்னாடியே எஸ் ஹெச்னு அடிச்சா அந்த வரிக்கு மதிப்பே இல்ல."

மெஷின் அங்கேயே நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாததைத் தெரியாது என்று அந்த ஆங்கில வரிகளில் முணுமுணுத்துவிட்டு வேலையைச் செய்துகொண்டே போயிருக்கிறது.

எஸ்ஸுக்கு முன்னால் பி, ஏ இரண்டும் சேர்த்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். முதல் சீட்டு முடிச்சூர், மேற்கு லாரி.

அப்போதுதான் முதலாளி நுழைந்தார். "நம்ம அண்ணன் எனக்குக் குடுத்த லீவைப் புடுங்கிக்கினாரு சார்!" என்று மேற்கு கத்தினான். நான் எழுந்து நின்றேன். அவர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"உக்காருங்க. நின்னா முட்டி வலிக்கும்," என்றார். அவ்வளவுதான்.

இப்போது மழை பிடித்துவிட்டது, ஆர்டர் குறைவு. வெயில் காலம் முடிந்தும் அவர் அந்தப் "பார்க்கலாம்" பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் கட்டளையை நின்றுகொண்டேதான் அடிக்கிறேன். மேற்குச் சீட்டு ஒன்று வெளியே வந்த பிறகுதான் உட்காருகிறேன்.

ஐப்பசி பன்னிரண்டு, புதன்கிழமை.