கம்பிக்காரன் போட்ட ஜிக்

லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. ஜீவராஜிடம் கேட்டால், "மலையில மட்டும் என்னத்தக் கிழிச்சிட்டோம்?" என்பான். வாய்க்குக் குறைச்சல் இல்லாத ஆள். ஆனால் பொத்துவிலில் மொஹிதீனின் மீன்பிடிப் படகில் ஏறியதிலிருந்து ஒரு மீன்கூட அவனுக்கு அகப்படவில்லை. அந்த வெட்கத்தை எந்தப் பேச்சைப் போட்டு மூடுவது?

வேலை, சொல்லிக் கேட்க லேசுதான். ஆழக்கடலில், அடியில் பாறை கிடக்கும் இடமாகப் பார்த்துப் படகை நிறுத்துவார்கள். ஜிக் என்பது மீன் மாதிரி வார்த்த பளபளப்பான ஈயக்கட்டி. அதில் கொக்கி தொங்கும். பின்னல் நூலின் நுனியில் தடித்த தங்கூசி நைலான் நரம்பை முடிந்து, அதில் ஜிக்கைக் கட்டி, ரீலைத் திறந்து விட்டுவிட வேண்டும். அடி தட்டியதும் தூண்டில் தடியை வெடுக்கென்று தூக்கி, கொஞ்சம் சுற்றி, மறுபடி தளர்த்த வேண்டும். தளர்ந்த நூலில் ஜிக் அடிபட்ட மீனைப் போலத் துடித்துத் துடித்து இறங்கும். பாரை மீனும் கலவாய் மீனும் பாய்ந்து கவ்வுவது அப்போதுதான்.

ஜீவராஜுக்குத் தூக்க வந்தது, தளர்த்தத்தான் வரவில்லை. பெருவிரலால் நூலை அமுக்கி அங்குலம் அங்குலமாக இறக்குவான். ஜிக் உயிரில்லாமல் போகும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

"உடு தம்பி, சும்மா உடு! விழக்குள்ளதான் மீன் கொத்தும்!" என்று மொஹிதீன் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். கடைசியில், "இந்தக் கிழமை பாப்பம். சரிவராட்டி நீ ஊருக்குப் போறதுதான் நல்லம்" என்று சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. படகில் இருப்பதே கொஞ்ச இடம், அதில் மீன் பிடிக்கிறவன் நிற்க வேண்டாமா?

ஊருக்குப் போவதென்றால் திரும்பவும் கம்பிக்குப் போவது. தோட்டத்தில் மேல்மலைக் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கொளுவி, கயிற்றால் பிடித்துப் பிடித்துக் கீழே இறக்குவார்கள். மேலே கயிறு பிடித்தவன் ஜீவராஜ். கீழே நின்று மூட்டையை வாங்கியவன் அவன் மனைவி நிலுக்ஷியின் அண்ணன் பிலிப்பு. ஒரு மழைநாள், ஈரக்கயிறு ஜீவராஜின் கையை விட்டு வழுக்கியது. மூட்டை சீறிக்கொண்டு போய்ப் பிலிப்பின் காலை முறித்தது. அந்தக் காலை அவன் இன்றும் இழுத்துத்தான் நடக்கிறான். ஜீவராஜைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் ஜீவராஜை இன்னும் கொன்றது. கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாமல் நிலுக்ஷியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனையோ, பாவம், அடுப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தது.

அந்த வாரக் கடைசி பார்த்துப் பிலிப்பு, மொனராகலையில் பஸ் மாறித் தங்கச்சியைப் பார்க்க வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? "நானும் கடலுக்கு வாறேன் மச்சான்" என்று ஒரே பிடிவாதம். ஜீவராஜுக்கு அது பிடிக்கவில்லை. தோற்பதைப் பார்க்க இவன் வேறா? மொஹிதீன், "வரட்டும், கடைசி நாள்தானே" என்று பிலிப்பைக் கைத்தாங்கலாக ஏற்றினார்.

காலை வெயிலில் ஜீவராஜ் ஜிக்கை இறக்கினான். அதே அமுக்கல், அதே அங்குலம். மொஹிதீன் கத்துவதையே விட்டுவிட்டார். பிலிப்பு மட்டும் மச்சானின் இறுகிய தோளையும் ஊன்றிய காலையும் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியடியில் நின்று நாள் முழுக்க அண்ணாந்து பார்த்த தோள் அல்லவா?

"மச்சான், கீழ யாரு நிக்கிறா?"

ஜீவராஜ் திரும்பினான். பிலிப்பின் முகத்தில் கேலி இல்லை.

"யாருமில்ல."

"நான்?"

"நீ இங்கதான இருக்க."

"அப்ப விடு மச்சான்."

பெருவிரல் எழுந்தது. நூல் விர்ரென்று ஓடியது. ஜீவராஜ் அதை மறுபடி அமுக்கிப் பிடிக்கவில்லை. அடி தட்டியதும் தூக்கினான், சுற்றினான், விட்டான். மறுபடி தூக்கினான், விட்டான். தடி படக்கென்று வளைந்தது.

"கொத்திட்டு! தூக்கு, சுத்து!" என்று மொஹிதீன் குதித்தார். மீன் பாறைக்குள் ஓடப் பார்த்தது. விடுவானா? இழுத்துப் பிடிப்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தடியைத் தூக்குவதும், தாழ்த்தும்போது சுற்றுவதுமாக, அடேயப்பா, பெரிய பாரை ஒன்றைப் படகுக்குள் போட்டான்.

அது துள்ளிய துள்ளலில் நேரே பிலிப்பின் அந்தக் காலிலேயே போய் விழுந்தது.

"ஐயோ மச்சான், காலு!" என்று ஜீவராஜ் தடியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பிலிப்பு மீனை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பரவால்ல மச்சான். மூட்டைய விட லேசுதான்."

அந்த மழைநாளுக்குப் பிறகு அவர்களுக்குள் மூட்டை என்ற பேச்சு வந்தது அன்றுதான். ஜீவராஜ் அவன் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

மொஹிதீன் பார்க்காதவர் போலக் கொக்கியைக் கழற்றினார். "நாளைக்கு வெள்ளன வா தம்பி" என்றார்.