பின்னல் பாலத்தில் ஒரு பட்டை குறைவு

ஓர் இரும்புப் பட்டையின் ஓசை வாரத்துக்கு வாரம் ஏறுமா, இல்லை என் காதில்தான் கோளாறா? இதற்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் குப்பத்துக்கும் அங்கன்வாடிக்கும் நடுவே ஏரியின் ஓடை ஒன்று ஓடுகிறது. அதன்மேல் ஆட்கள் நடக்க இரும்புப் பாலம். இருபுறமும் தோள் உயரத்துக்குப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பாய்போல் பின்னி வைத்திருக்கிறார்கள். நடப்பவர் எடையை அந்தப் பின்னல்தான் பங்கு போட்டுக் கரைக்குக் கொண்டுபோகிறது. பாலிடெக்னிக்கில் இதைப்போல ஒன்றை வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

தண்ணீர் வற்றும் மாதங்களில் படகு கரைக்கு வராது, பாலத்தடியில்தான் கட்டுவார்கள். படகு எஞ்சினைப் பாலத்துக்குத் தூக்கிவந்து, பின்னலுக்கு மேலாகத் தாண்டவைத்துக் கீழே இறக்க இரண்டு பேர் திணறுவார்கள். ஒரு பட்டையை வெட்டினால் அந்த இடைவெளி வழியாகவே இறக்கலாம் என்று என் கணவரின் தம்பிக்குத் தோன்றியது.

“அண்ணி, இத்த எடுத்தா இன்னா ஆவும்?”

“ஒண்ணு போனா மத்தது தாங்கும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா, தெரியுமா? அத்தினி வருசம் படிச்சிட்டு நெனைக்கிறேன்றியே.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமலே, “தாங்கும்” என்றேன்.

அன்றே வெட்டினார்கள். அந்தப் பட்டை இரண்டு துண்டாகி, படகுகளுக்கு நங்கூரமாகக் கயிற்றில் கட்டப்பட்டு ஏரிக்குள் போய்விட்டது. பாலம் அசையவில்லை.

என் மூன்று வயது மகள் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வீட்டுச் சாவியால் பட்டைகளைத் தட்டிக்கொண்டே வருவாள். அடுத்த வாரம், இடைவெளிக்கு இருபுறமும் இருந்த பட்டைகள் மட்டும் கூர்மையாக, நீளமாக ஒலித்தன. இழுவிசை கூடினால் ஓசையின் சுருதி ஏறும் என்று படித்திருக்கிறேன். போனதன் பங்கையும் இவை சுமக்கின்றனவோ? மதியம் கடல்காற்று எழும்போது யாரும் தட்டாமலே அவை முனகுகின்றன.

வீட்டுக்கு அந்த முனகல் கேட்காது. ஆனாலும் சோறு ஊட்டும்போது மகள் வாயை மூடிக்கொண்டு அதே ஓசையை எழுப்புகிறாள். போன வாரத்தைவிட இந்த வாரம் சுருதி ஏறியிருக்கிறது. நிறுத்தச் சொன்னால், “நான் இல்லம்மா, பாலம்” என்கிறாள். ஓடிப்போய்த் தட்டிப் பார்த்தேன். அவள் எழுப்பிய அதே ஓசைதான்.

கணவரிடம் சொன்னேன். “நீதானே தாங்கும்னு சொன்ன?” என்றார்.

மூன்று நாளாக மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலை வழியாகச் சுற்றிப் போகிறேன். மற்ற குழந்தைகள் பாலத்தில் ஓடுகிறார்கள். “அவங்க மட்டும் போறாங்களே?” என்று நேற்று கேட்டாள்.

இரும்பு வேலை தெரிந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள்: அந்தப் பட்டைகளுக்கு இன்னும் எவ்வளவு பொறுமை இருக்கும்? தெரியாமல் ‘தாங்கும்’ என்று சொன்னவள், இப்போதும் சரியாகத் தெரியாமலே, பாலத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி வழியை மறித்துவிடலாமா?