கிளினிக்கில் பேய்ப் பாட்டு

போன புதன்கிழமை எங்கள் பேட்டையான டத்தோ கிராமாட்டில் ஒரு பல் டாக்டரை நோயாளி கடித்துவிட்டார். கடித்தவர் வேறு ஆள்... ஆனால் காரணம் நான்தான் என்கிறாள் என் மனைவி சரோஜா. அந்தக் கிளினிக்கில் பெயர் எழுதி ஆட்களை உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு.

என் கிறுக்கு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பழைய இத்தாலியப் பேய்ப் படங்களின் இசைத்தட்டுகளைச் சேர்க்கிறேன். ரோப் வாக் தெருவின் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கியது, முப்பத்தோரு தட்டு. படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏது?

அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி இருக்கும். தட்டைச் சுழலவிட்டால் — தாலாட்டு! ஒரு பெண் 'லா லா லா' என்று அவ்வளவு இதமாகப் பாடுவாள். பன்னிரண்டு வருடமாகச் சரோஜா அதற்கு வைத்திருக்கும் பெயர் பேய்ப் பாட்டு.

அவளே ஒருநாள் வந்து அதைக் கொடு என்று கேட்டாள் என்றால் நம்புவீர்களா?

கிளினிக்கில் ரேடியோ சண்டை. தமிழ்ப் பாட்டு போட்டால் சீனப் பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். சீனப் பாட்டு போட்டால் மலாய்க்கார அம்மா ஒருவர், எல்லாருக்கும் மக்சிக், மாற்றச் சொல்கிறார். மலாய்ப் பாட்டு வந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வார்த்தையே இல்லாத பாட்டாகக் கொண்டுவா என்று டாக்டர் சரோஜாவிடம் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பதெல்லாம் அதுதானே! எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரோஜாவுக்கு ஒரே நிபந்தனை — என்ன படம் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

ஒரு கேசட் பதிந்து கொடுத்தேன். மூன்று மாதம் கிளினிக்கில் அமைதியோ அமைதி. ஒரு சீன ஆண்ட்டி தூங்கியே விழுந்தார். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்றால் பாட்டு யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. சரோஜாவை அழைத்துவர நான் அரைமணி நேரம் முன்னதாகவே போய் உட்கார ஆரம்பித்தேன். ஜனங்கள் என் பாட்டைக் கேட்பதைப் பார்க்கத்தான்!

புதன்கிழமை உள்ளே நாற்காலியில் இருந்தவர் கமால் அண்ணன். ஜெலுத்தோங்கில் வீடியோ கேசட் வாடகைக்கு விடுபவர். தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா போனில் யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். கேசட்டில் ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றது.

அடுத்த நொடி உள்ளேயிருந்து டாக்டரின் அலறல்.

விரலைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே மரத்துப்போன வாயோடு கமால் அண்ணன்.

"மன்னிச்சிக்குங்க டாக்டர். அந்தப் பாட்டு வர்ற படம் என் கடையில இருக்கு, நாலு தடவ பாத்துட்டேன். பாட்டு ஓடுற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுலா. நின்னாத்தான் கத்தி வரும்."

எனக்கே அது புதுச் செய்தி! என்ன படம் என்று டாக்டர் கேட்டார். கமால் அண்ணன் விலாவாரியாகச் சொன்னார். காத்திருந்தவர்கள் மொத்தப் பேரும் கேட்டார்கள். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் பல் துலக்கும் முறை பற்றிய சுவரொட்டியை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது.

"என் வேலை போச்சுன்னா, உங்க தட்டு ஒண்ணுகூட வீட்டுல இருக்காது."

சொன்னால் செய்கிறவள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் மறுபடியும் ரேடியோவைப் போட்டாராம். மதியத்துக்குள் மறுபடியும் சண்டை. வெள்ளிக்கிழமை அந்தச் சீன ஆண்ட்டி, 'லா லா லா' எங்கே என்று கேட்டாராம். சனிக்கிழமை சரோஜா வீட்டுக்கு வந்ததும் நேராக என் தட்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர் கூப்பிட்டுப் பேசினாரு," என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"தொண்ணூறு நிமிஷ கேசட்டா பதிஞ்சு தரணுமாம். பாதியில நிக்கக் கூடாதாம்."

ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்... ஒரு கடைவாய்ப் பல்லுக்குத் தாராளம்!