வேதகிரியின் இடக்காது

வேதகிரி இறந்த செய்தி மற்ற எல்லோரையும்விட எனக்குத் தாமதமாக வந்தது. அதற்குக் காரணமும் வேதகிரிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் நோக்கி வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு காதிலும் காற்றிரைச்சலை அடைக்க அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இயர் பிளக். சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, காதுகளைத் திறந்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். மதுராந்தகம் பகுதியில் மருந்து விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் பாபு பல முறை அழைத்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

"இன்னா அண்ணாத்த, போன எடுக்க மாட்டியா? நம்ம வேதகிரி போயிட்டாரு," என்றார்.

டீ வந்துவிட்டது. அதைக் குடித்தேனா என்பது நினைவில்லை.

வண்டியிலிருந்து விழுந்துவிட்டாரா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஆயுளில் பாதியை இருசக்கர வாகனத்தில் கழித்தவர் வேறு எப்படிச் சாவது முறை? ஆனால் அவர் திருக்கழுக்குன்றத்தில் தன் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்று இறந்தார். அவர் வேலை பார்த்த நிறுவனம் இதயத்துக்கும் மாத்திரை தயாரிக்கிறது. அதன் பெருமைகளை அவர் அளவுக்கு யாராலும் எடுத்துச் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் மருந்துப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு மருத்துவரின் வாசலில் வேதகிரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நானும் அப்படித்தான் பழக்கமானேன். செங்கல்பட்டில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மா ஒருவரின் வாசல். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு எங்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மாலை முழுதும் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாங்கள் போட்டி நிறுவனங்கள். எங்கள் சொட்டு மருந்தும் அவர்கள் சொட்டு மருந்தும் ஒன்றேதான் என்ற உண்மையை நானும் அவரும் கண்ணியமாக மறைத்து வந்தோம்.

பெஞ்சில் அவர் எப்போதும் இடக்கோடியில், சுவரை ஒட்டித்தான் உட்காருவார். அங்கே வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே இருப்பார். வாஸ்து என்று நினைத்தோம். கொஞ்சம் திமிர் என்று நினைத்தவர்களும் உண்டு. இடப்பக்கம் நின்று தன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை நீட்டி அழைத்த ஒரு பையனிடம், அவனைப் பார்க்காமலேயே, "ஸ்டாக் இல்லப்பா," என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கல்யாணத்துக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு அவன் எங்களில் யாரையும் அழைக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது அந்த மருத்துவர்தான். ஒரு நாள் அவர் வேதகிரியின் இடப்பக்கம், அலமாரி அருகில் நின்றபடி ஏதோ கேட்க, வேதகிரி தன் போக்கில் இருமல் மருந்தின் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டே போனார். மருத்துவர் அவரைப் பரிசோதனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். வாரந்தோறும் அந்த அறைக்கு வெளியே காத்திருந்த மனிதர் அன்றுதான் முதல் முறையாக அதற்குள்ளே போனார். வெளியே வந்து, வழக்கம்போல் என்னைத் தன் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டு சொன்னார்: "மச்சான், இடது காது ரிடையர் ஆயிடுச்சாம். பென்ஷன் கெடையாதாம்."

வலது காது ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. காரணம், அதில் அவர் பல ஆண்டுகளாக இயர் பிளக் போட்டு வந்திருக்கிறார். இடது காதில் போடவில்லை. சாலையில் காற்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ஹெல்மெட் மண்டையைக் காக்கும், காதைக் காக்காது. கழுத்துப் பக்கம் கீழிருந்து புகுந்து சுழலும் காற்றின் இரைச்சலுக்கு அது ஒரு கூரை மட்டுமே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். போன செவி திரும்பாது என்றும் சொன்னார். ஏன் ஒரு காதில் மட்டும் என்று கேட்டதற்கு, லாரி ஹாரன் கேட்க வேண்டுமல்லவா என்று பதில் சொன்னாராம் இவர்.

இந்தக் கதையைப் பாபு நம்பவில்லை. "லாரி வலது பக்கமாதான வந்து முந்தும்? நீ எடது காத தொறந்து வெச்சிகினு போனா ஆடு மாடு கத்தறதுதான் கேக்கும்," என்றார்.

"அதுங்களும் எதுனா சொல்லும்ல," என்றார் வேதகிரி.

அன்று முதல் அவர் மருந்து, இயர் பிளக் என்று இரண்டு சரக்குகளின் பிரதிநிதியானார். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் மாமல்லபுரத்துக்கு நாஸ்தாவுக்குப் போவது வழக்கம். இட்லி வரும்வரை அங்கே வகுப்பு நடக்கும். பஞ்சு கூடாது; பஞ்சு காதுக்கு மாலை போட்ட மாதிரி, மரியாதைதான், பாதுகாப்பு இல்லை. ஃபோம் பிளக் என்றால் முதலில் கையைக் கழுவ வேண்டும். பிறகு விளக்குத் திரியைப் போல மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பி நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. பேசிப் பார்த்தால் தன் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது காதில் இல்லை, காது வாசலில் உட்கார்ந்திருக்கிறது, நம்மைப்போல. வளையம் வளையமாக வரும் ரப்பர் பிளக் கழுவிக் கழுவிப் போடலாம். ஆனால் அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஹெல்மெட் அதை உள்ளே குத்தும். பாட்டுக் கேட்கும் கருவி இந்தக் கணக்கில் சேராது; அது இரைச்சலுக்கு மேல் இன்னொரு மாடி கட்டுவது.

எவ்வளவு இரைச்சல் குறையும் என்று பிளக் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் மதித்ததில்லை. "அது லேப்ல சும்மா உக்காந்துகினு கீறவன் காதுக்கு. உன் காது உன் மூஞ்சி மாதிரி, வேற," என்பார். மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையெல்லாம் வேதவாக்காக ஒப்பிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு நாலைந்து வகை கொடுத்து, திருக்கழுக்குன்றம் திருப்பம் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வார். வலித்தால் ஒன்று, கழன்றால் வேறொன்று. என் இரண்டு காதும் ஒரே அளவல்ல என்பதை என்னைப் பெற்றவர்களே அறியவில்லை. வலதுக்குச் சிறியது, இடதுக்குப் பெரியது என்று எனக்கு ஒரு பொருந்தாத ஜோடியை அமைத்துக் கொடுத்தவர் அவர்.

காதை அடைத்தால் ஹாரன் கேட்காது என்று சொல்லாதவர்கள் கிடையாது. அவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார். "வெயில்ல கறுப்புக் கண்ணாடி போடறியே, கண்ணு தெரியாம போயிடுதா? கூச்சம்தான் போவுது. இதுவும் அதான். காத்து அடங்கும், ஹாரன் கேக்கும்." சைலன்சரை மாற்றி ஊரையே எழுப்பிக்கொண்டு வரும் புல்லட் நண்பர் ஒருவர், சத்தம் கேட்காவிட்டால் பிறகு புல்லட் எதற்கு என்று வாதாடினார். "சத்தம் ஊருக்குன்னுதான வாங்கன? ஊரு கேக்குது. நீ மூடிக்கோ," என்றார் வேதகிரி. புல்லட்காரர் இன்றும் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். ஊர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு மாலை திருக்கழுக்குன்றம் சாலையில் வேதகிரியும் அவர் மனைவி சுந்தரி அம்மாவும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு புளியமரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். நிறுத்திவிட்டு, பஞ்சரா என்று கேட்டேன். ஆமாம், ஆள் வந்துகொண்டிருக்கிறான், நீ போ என்றார். இரண்டு சக்கரத்திலும் காற்று கல்லுபோல் இருந்தது. அதைச் சொல்வது நாகரிகமல்ல என்று கிளம்பிவிட்டேன். பிறகு விசாரித்ததில், அந்தச் சாலையில் போய்வரும் எங்கள் ஆட்கள் எல்லோருமே ஏதாவது ஒரு நாள் அவர்களிடம் பஞ்சரா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆள் வந்துகொண்டிருந்தான். அவர் வண்டிக்கு ராசியில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

காரியம் முடிந்த மறுவாரம் நானும் பாபுவும் அவர் வீட்டுக்குப் போனோம். சுந்தரி அம்மாவை நீங்கள் பார்த்திருக்கலாம், கேட்டிருக்க மாட்டீர்கள். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவ்வளவு சன்னமான குரல் கொண்ட ஆசிரியையை நான் கண்டதில்லை. வகுப்பு அமைதியாக இருந்தால்தான் கேட்கும் என்பதால் வகுப்பு அமைதியாக இருக்குமாம். பாபு துக்கத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லோருடைய காதையும் காத்துக் கொடுத்த மனிதர் தன் காதில் ஒன்றை விட்டுவிட்டாரே என்று ஆரம்பித்தார். அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்காகத்தாங்க. கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வூடு நெறைய ஆளுங்க. மாமியாரு, நாத்தனாருங்க, கொழுந்தன். உக்காந்து ஒரு வார்த்தை பேச எடம் கெடையாது. காலைல என்னை ஸ்கூல்ல விடுவாரு, சாயங்காலம் கூட்டிட்டு வருவாரு. பேசறதெல்லாம் வண்டிலதான். புடவை கட்டிக்கிட்டு எடது பக்கமா உக்காந்தா வாய் எடது காதுகிட்டதான இருக்கும்."

முதலில் அவர் இரண்டு காதிலும்தான் போட்டிருக்கிறார்; மனைவி வண்டியில் ஏறும்போது கழற்றிவிடுவார். ஒரு சாயங்காலம் கழற்ற மறந்துவிட்டார். வழியில் அந்த அம்மா, தன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்றும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, இறங்கிய பிறகு அந்த அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. சில நாட்கள் பேசவும் இல்லை. விஷயம் தெரிந்தபோது வேதகிரி மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி மறந்துவிடக் கூடாது என்று இடது காதுக்குரிய பிளக்கை மட்டும் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தனியாகப் போகும்போதும், மதுராந்தகம் வரை நெடுஞ்சாலையில் விரட்டும்போதும், அந்தக் காது திறந்தேதான் இருந்தது.

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் நான் வண்டில பேசறதை வுட்டுட்டேன்," என்றார் சுந்தரி அம்மா. "நான் பேசினாத்தான அவருக்கு இப்படி ஆச்சுன்னு. அவரு ரெண்டு காதையும் அடைச்சிகிட்டு, 'சொல்லணும்னா தோள்ல தட்டு, நிறுத்தறேன்'னாரு. தட்டினா நிறுத்துவாரு. எறங்கி, எல்லாத்தையும் கழட்டிட்டு, வலது காத காட்டிகிட்டு நிப்பாரு. போறவங்க வர்றவங்கல்லாம் பஞ்சரான்னு கேப்பாங்க."

பாபு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்படி என்ன பேசுவீர்கள் என்று பாபு கேட்டுவிட்டார். கேட்கக் கூடாத கேள்விதான். அந்த அம்மா தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. எனக்கே ஞாபகம் இல்ல. அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். போன வருஷம் இதே எடத்துல நீ இன்னா சொன்னன்னு சொல்லுவாரு."

ஒரு மனிதர் இறந்தால் அவர் சொன்னவற்றை நாம் வைத்துக்கொள்ளலாம். நானும் சிலவற்றை மேலே எழுதிவிட்டேன். அவர் கேட்டு வைத்திருந்தவை அவரோடு போய்விடுகின்றன. வேதகிரியிடம் அந்தச் சரக்குதான் அதிகம் இருந்தது. அதற்காக அவர் ஒரு காதையே கொடுத்திருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, பின்னாலிருந்து தோளைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுவது. போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் என் மனைவி தொட்டாள். ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு பிளக்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என்ன என்று கேட்டேன்.

"அந்தம்மா இனிமே யார்கிட்டங்க பேசுவாங்க?" என்றாள்.

நன்றாகக் கேட்டது. உடனே கிளம்பாமல் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.