அம்பாவுக்கு ஆடிய விசிறி

எங்கள் அக்கா மிகவும் அடக்கமானவர் என்று இந்த நினைவஞ்சலியில் எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். அக்கா மேலிருந்து சிரிப்பார் என்ற பயத்தில் அதை விட்டுவிட்டேன்.

உடப்புக் கரையில், கரைவலை இழுக்கும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா கடலோடு போனபின் பள்ளிக்கூடத்தை விட்டு, கருவாடு காயப்போட்டு என்னைப் படிப்பித்தார். படித்துமுடித்து நான் உடுக்கு அடிக்கப் போனது அவருடைய குற்றமல்ல.

வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு ஆண்களுக்குரியது. ஒருவர் முதலடி எடுப்பார்; மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் கொடுத்துக் கயிற்றை இழுப்பார்கள். அக்கா அதைக் கருவாடு புரட்டும்போதே உரக்கப் பாடுவார். யுத்தம் முடிந்து வெளிநாட்டவர்கள் வடக்கே ஆலங்குடாக் கடற்கரைக்கு வரத் தொடங்கிய காலத்தில், அங்கிருந்து எங்கள் கரையைப் பார்க்க வந்த ஹருமி என்ற யப்பானிய நடனக் கலைஞர் அதைக் கேட்டுவிட்டார். தங்கள் நாட்டுப் பழைய விசிறி நடனத்தை அந்தப் பாட்டுக்கு ஆட விரும்பினார். ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிக்க அவருடைய தம்பியும் வந்தார். அக்கா சொல் கேட்டு நடக்கும் இன்னொரு சீவனைக் கண்டதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஊர் மேடையில் நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டதும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி மாமா அக்காவைத் தேடி வாசலுக்கே வந்துவிட்டார்.

"பொம்பிளை மேடையில அம்பா பாடினா வலையில மீன் ஏறாது, பிள்ளை."

"இவ்வளவு காலமும் ஆம்பிளையள்தானே பாடினீங்கள், மாமா? நேத்து என்ன ஏறினது? பாசிதானே!"

"ஆக்களோட வந்து நிப்பாட்டுவன்!"

"ஓம், வாங்கோ. கதிரை போட்டு வைக்கிறன்."

ஹருமியின் ஆட்டத்தில் ஷமிசென் ஓய்ந்து, விசிறியும் அசையாமல் நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த மௌனமும் ஆட்டம்தானாம். எனக்கு விளங்கவில்லை, ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் உடுக்கை அடித்து அதை நிரப்பினேன்.

"டேய், கைக்கு மேல குந்தியிருடா!" என்றார் அக்கா.

மேடையன்று அப்படியே குந்தியிருந்தேன். அக்கா முதலடியை எடுத்து நிறுத்தினார். விசிறி உறைந்தது. தடுக்கவென்று வந்து பின்னால் நின்ற வலைக்காரர்களுக்கோ, முதலடியைப் பதிலில்லாமல் விட்டுப் பழக்கமில்லை. விட்டால் கயிறு கை நழுவும். பொறுக்க முடியாமல் "ஏலேலோ!" என்று முழங்கினார்கள். அதில் மாமாவின் குரல்தான் பெரிது. ஹருமி அந்தக் குரலைப் பிடித்து, இல்லாத கயிற்றை இழுத்து ஆடினார். அக்கா அடுத்த அடியை இன்னும் உரத்து எடுத்தார்.

"நான் பாடேல்லை, தொண்டைதான் பாடினது" என்று மாமா இன்றும் சாதிக்கிறார்.

நோய் முற்றியபோதும் அக்கா பணியவில்லை. "என்னை அம்பா பாடித்தான் தூக்கவேணும். மகள் முதலடி எடுக்கட்டும்" என்றார். செத்தவீட்டில் அது முறையில்லை என்றார்கள் சில பெரியவர்கள். முறையில்லைதான். அக்காவின் மகள், என் மருமகள், பாடினாள்; நாங்கள் தூக்கினோம்.

நோயில் பராமரித்த தாதிமாருக்கும், யப்பானிலிருந்து அழுத ஹருமிக்கும் அவர் தம்பிக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. முறை சொல்லித் தடுத்தவர்களுக்கும் நன்றி: நீங்கள் இல்லாவிட்டால் அக்கா இவ்வளவு உரக்கப் பாடியிருக்க மாட்டார். வருகிற திருவிழாவில் மருமகள் மேடையேறுகிறாள். தடுக்க வருவோர் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டு வரவும்.